மாதவிடாய் நிற்கும் காலமும் நம் வீட்டு மருந்தும்

(நம் அறக்கட்டளையின் மகளிர் நலப் பிரிவு மதரஸா மாடியில் நடத்திய பெண்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



அன்புத் தாய்மார்களே, சகோதரிகளே,

கீழ்க் கதவைச் சாத்திவிட்டோம். இங்கே இருப்பவர்கள் அனைவரும் பெண்கள்தான். அதனால் முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மின்விசிறிக்குப் பக்கத்தில் தள்ளி உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்துக்கு மின்விசிறி ரொம்ப முக்கியம் என்பது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். இந்த உரை பிரசுரத்தில் வரும்போது வீட்டு ஆண்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதே அந்தப் பாராட்டு. அந்தத் துணிச்சலில்தான் நாங்களும் பேச வந்திருக்கிறோம். முதலில் எங்கள் மீதே ஒரு குற்றத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு பொடி தயாரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெந்தயம், கருஞ்சீரகம், சதகுப்பை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம். நாட்டு மருந்துக்கடையில் சரக்கு வாங்கி, நாங்களே பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, சிறு பொட்டலமாகக் கட்டினோம். உடம்புச் சூடு, திடீர் வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் என்று வந்த எல்லாருக்கும் கொடுத்தோம். முடிந்தவர்கள் 60 ரூபாய் தந்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். நல்ல பேர் கிடைத்தது. பக்கத்து ஊரிலிருந்துகூடக் கேட்டு அனுப்பினார்கள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவில் நாங்கள் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஒரு லாத்தா. வயது 54. விலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தது. மூன்றாவது பொட்டலம் வாங்க வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பொடி நல்லா வேலை செய்யுது புள்ள. நின்னு போனது மறுபடியும் வருது."

நாங்களும் சிரித்தோம். "மாஷா அல்லாஹ், இளமை திரும்பிருச்சு லாத்தா" என்று ஒருத்தி சொன்னாள். கூட இருந்தவர்கள் தங்களுக்கும் ஒரு பொட்டலம் வேண்டும் என்றார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

ஐந்து மாதம் அப்படியே போனது. அந்த நாட்களில் அவர் தொழுகையையும் விட்டிருந்தார், வந்திருப்பது மாதவிலக்குதான் என்று நினைத்துக்கொண்டு. கடைசியில் திருச்சியிலிருந்து வந்த மருமகள்தான் துணி காயப்போடும்போது கவனித்துக் கேட்டிருக்கிறாள். "மாமி, நாலு வருஷம் நின்னது எப்படி வரும்? வாங்க, டாக்டரம்மாவப் பார்ப்போம்." ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் உள்படலம் 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய். அல்ஹம்துலில்லாஹ், அது கருப்பையைத் தாண்டியிருக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை முடிந்தது. இன்று நலமாக இருக்கிறார். பெயர் சொல்லாமல் இதையெல்லாம் சொல்லுங்கள் என்று அவரேதான் எங்களை அனுப்பினார்.

எங்கள் பொடியால் அந்த நோய் வரவில்லை. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஐந்து மாதம் அந்த நோயை மூடி வைத்தது நாங்கள் கொடுத்த பொட்டலம். அதனால்தான் கொடுப்பதை நிறுத்திவிட்டு, படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இன்று உங்கள் முன் வந்திருக்கிறோம்.

இந்தப் பருவத்தில் உடம்புக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் சொல்கிறோம். சினைப்பை மெல்ல மெல்ல ஓய்வு எடுக்கிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற நீர் குறைகிறது. ஒரேயடியாகக் குறைவதில்லை. ஒரு மாதம் கூடும், மறுமாதம் விழும். அதனால்தான் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் ரொம்பப் படுத்துகின்றன. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமல் இருந்தால்தான் "நின்றுவிட்டது" என்று கணக்கு. பத்து மாதம் வராமல் இருந்து பதினொன்றாம் மாதம் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டில் 46, 47லேயே நின்றுவிடுகிறது. 40க்கு முன்னால் நின்றால் அது வேறு. அதற்குக் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும்.

மார்பிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மூளைக்குள் உடம்பின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது பதறத் தொடங்கிவிடுகிறது. அடுப்பங்கரையில் கொஞ்சம் சூடு கூடினாலும், உடம்பே கொதிக்கிறது என்று எண்ணி ரத்தக் குழாய்களை விரியவைத்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது. சில நிமிடத்தில் குளிர் அடிக்கிறது. இரவில் வந்தால் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் மறுநாள் எல்லார் மீதும் எரிச்சல். சிலருக்கு ஓரிரு ஆண்டில் அடங்கிவிடும். ஏழு ஆண்டு, அதற்கு மேலும் நீடிக்கிறவர்களும் உண்டு.

இது நோயா? கிராமத்து அரபிகள் வந்து மருந்து செய்துகொள்ளலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், எல்லா நோய்க்கும் மருந்து உண்டு, முதுமையைத் தவிர என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மாதவிடாய் நிற்பது அந்த முதுமையின் வாசல். அது நோயல்ல. அதை நிற்காமல் செய்யவோ, நின்றதை வரவழைக்கவோ மருந்து தேடக் கூடாது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் தொல்லைகளுக்கு மருந்து செய்யலாம், செய்ய வேண்டும். சகித்துக்கொண்டு கிட என்று எந்தப் பெண்ணுக்கும் மார்க்கம் சொல்லவில்லை.

இனி சரக்குகளுக்கு வருவோம். இதைக் கேட்கத்தான் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள்.

வெந்தயத்தை நம் வீடுகளில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோன்புக் கஞ்சியில் போடுகிறோம், பிள்ளை பெற்றவளுக்குக் களி கிண்டிக் கொடுக்கிறோம். ஒரு தேக்கரண்டியை இரவில் ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு மென்று விழுங்குவது பலருக்கு வயிற்றுக்கும் சூட்டுக்கும் இதமாக இருக்கிறது. சில சிறிய ஆய்வுகளிலும் சூடு ஏறுவது குறைந்ததாகத் தெரிந்திருக்கிறது. பெரிய ஆய்வுகள் வந்து உறுதி சொல்லும்வரை அது உணவுதான், மருந்தல்ல என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்று. வெந்தயம் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். ஏற்கெனவே சுகர் மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் குத்துகிறவர்கள் கைநிறைய வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அந்த மயக்கத்தையும் "நிற்கப்போகிற நேரத்து மயக்கம்" என்று சொல்லிவிடுவோம். அங்கேதான் ஆபத்து.

கருஞ்சீரகம். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி ஆதாரப்பூர்வமானது. அதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இமாம் கத்தாபீ போன்ற விரிவுரையாளர்கள், சொல் பொதுவாக வந்திருந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களுக்கே அது பொருந்தும் என்று விளக்கியிருக்கிறார்கள். எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று அறிந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. இந்த நபிமொழியைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்து, நூறு நோய்க்கும் ஒரே எண்ணெய் என்று விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பொட்டலத்திலும் அதை அச்சடித்திருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கருஞ்சீரகமும் சதகுப்பையும் நாட்டு வைத்தியத்தில் எதற்குப் பேர்போனவை? தள்ளிப்போன விலக்கை வரவழைப்பதற்கு. வயதான எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார். அப்படியானால் அவற்றை ரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்குக் கொடுக்கலாமா? நம் வைத்திய முறையே கூடாது என்கிறது. இங்கிலீஷ் மருத்துவம் வேண்டாம், பாட்டி வைத்தியம் போதும் என்கிறோம். ஆனால் பாட்டி நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், எத்தனை நாளாச்சு என்று கேட்டாள். நாங்கள் பாட்டியின் சரக்கை எடுத்துக்கொண்டு பாட்டியின் கேள்விகளை விட்டுவிட்டோம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சதாவரி என்று லேகியமாகவும் விற்கிறார்கள். பெண்ணின் சுரப்புநீரைப் போலவே மெலிதாக வேலை செய்யக்கூடிய பொருட்கள் அதில் இருக்கின்றன. சோயாவிலும் ஆளி விதையிலும் இருப்பது இந்த வகைதான். சோயாவில் சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது. ஆளி விதையைப் பெரிய அளவில் சோதித்தபோது வெறும் மாவுப் பண்டம் சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது. இவற்றை உணவாகச் சாப்பிடுவதில் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவர்கள், இப்போதும் அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இந்த வகைப் பொடியையோ லேகியத்தையோ தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அதிமதுரம் இனிப்பாக இருக்கும், தொண்டைக்கு நல்லது. தினமும் வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். ஐம்பது வயதுப் பெண்களுக்குக் கொடுக்கும் பொடியில் அதைச் சேர்த்த எங்கள் அறிவை என்ன சொல்வது! எங்களிடம் பொடி வாங்கியவர்களில் பாதிப்பேர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

அமுக்கரா கிழங்கு தூக்கத்துக்கு உதவுகிறது என்கிறார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அபூர்வமாக ஈரல் பாதிப்பும் வந்திருக்கிறது. அசோகப் பட்டைக் கஷாயம் பெரும்பாட்டுக்கு நம் முன்னோர் கொடுத்ததுதான். வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் சரி. நாமே காய்ச்சிக் குடித்து, கொட்டுவது குறைந்ததும் உள்ளே இருக்கும் கட்டியை மறந்துபோகக் கூடாது.

இன்னொரு வகை உண்டு. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் மகன்மார் உம்மாவுக்கு அனுப்பும் மாத்திரைப் புட்டிகள். பிளாக் கோஹோஷ் என்று ஒன்று. அது வட அமெரிக்கச் செடி. நிறைய ஆய்வு செய்தும் வெறும் மாத்திரையைவிட அது கூடுதலாக வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சாப்பிட்டவர்களில் அபூர்வமாக ஈரல் கெட்டுப்போனதாகப் பதிவுகளும் உண்டு. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான். சூடு ஏறுவதற்கு அதனால் பெரிய பலன் இல்லை. பிள்ளை பாசமாக அனுப்பியதைக் குறை சொல்லவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மேஜை மின்விசிறி வந்திருக்கும்.

"எனக்குக் குறைஞ்சுதே, பொய்யா சொல்றேன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். பொய்யே இல்லை. மருந்தென்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தால்கூட, சூடு ஏறுவது பலருக்குப் பாதி அளவுக்குக் குறைந்திருக்கிறது. கவனிக்கப்படுகிறோம் என்ற நிம்மதி ஒரு காரணம். நாளாக ஆகத் தானே குறைவதும் ஒரு காரணம். அதனால்தான் ஒருவருக்குக் கேட்டது என்பதை வைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது. இது வெள்ளைக்காரன் சொன்ன புதுக் கதையல்ல. யூனானி மருத்துவத்தின் பெரிய ஆசான் இப்னு சீனா, ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய 'அல்கானூன்' நூலில் மருந்தைச் சோதிக்க விதிகளே வகுத்திருக்கிறார். ஒரே மருந்தாக, ஒரே நோய் உள்ளவருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தற்செயல் என்கிறார். ஐந்து சரக்கை ஒன்றாக அரைத்து யார் எவர் என்று பாராமல் கொடுத்த எங்களை அவர் பார்த்திருந்தால் மில்லையே பூட்டியிருப்பார்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருக்கிறது. அந்த லாத்தாவின் செய்தி வந்த அன்று எங்களுடைய ஆலிமா அதை எடுத்துக்காட்டினார். அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் பொட்டலம் கட்டக் கை வரவில்லை.

இப்போது ரத்தப்போக்கைப் பற்றி. இன்றைக்கு நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும், வெறும் கறையாக இருந்தாலும், பழுப்பு நீராக இருந்தாலும், மருத்துவரிடம் போக வேண்டும். பயப்படச் சொல்லவில்லை. அப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்கு வறட்சி, சிறு சதை வளர்ச்சி என்று எளிதில் சரியாகக்கூடிய காரணங்கள். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் நீங்களா இல்லையா என்பதைக் கஷாயம் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும். உள்படலம் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அதற்கு மேல் தடித்திருந்தால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்கள். உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். நம் குடும்பங்களில் இரண்டும் அதிகம். முன்கூட்டிப் பிடித்தால் குணமாகக்கூடிய நோய் இது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே ரத்தத்தைக் காட்டி அறிவித்துவிடுகிறது.

நிற்பதற்கு முன்பே கொட்டுகிறவர்கள் உண்டு. "நிக்கப்போற நேரம் அப்படித்தான் கொட்டும்" என்று நம் உம்மம்மாமார் சொல்வார்கள். முறை தப்புவது இயல்புதான். கொட்டுவது இயல்பல்ல. மணிக்கொரு துணி மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டியாகப் போனாலோ, ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, மாடிப்படி ஏற மூச்சு வாங்கினாலோ ரத்த அளவைப் பாருங்கள். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் மார்க்கச் சட்டமும் நமக்கு ஒரு கைகாட்டியாக இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் அதிகபட்ச நாள் 15, ஹனஃபீ மத்ஹபில் 10. அதைத் தாண்டி வருவது இஸ்திஹாழா. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் ரத்தம் நிற்காமல் வருவதைப் பற்றி நேரடியாகவே நபியவர்களிடம் கேட்டார்கள். அது மாதவிலக்கல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று விளக்கம் கிடைத்தது. அப்படியானால் எல்லா ரத்தமும் ஒன்றல்ல என்பது நமக்கு 1400 ஆண்டுகளாகத் தெரியும். நாள் எண்ணி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தொழுகைக்காக எண்ணும் அதே கணக்கை மருத்துவரிடமும் சொல்லுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். நின்ற பிறகு வந்த ரத்தத்துக்குத் தொழுகையை விடுவதா, தொழுவதா என்பதை ஆலிமாவிடம் கேளுங்கள். மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடும், நாங்கள் ஃபத்வா சொல்ல மாட்டோம். ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகக் கூடாது.

அப்படியானால் தொல்லைகளுக்கு என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. சூடு ஏறும் நேரத்தைக் கவனித்தால் பலருக்குச் சூடான தேநீர், காப்பி, காரம், கோபம், அடைத்த அறை இவற்றுக்குப் பின்னால்தான் வருவது தெரியும். புர்காவுக்குள் பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி போடுங்கள். பேரப்பிள்ளையின் நிக்காஹ்வுக்குப் போகும்போது மட்டும் பட்டு உடுத்துங்கள், கையில் ஒரு விசிறியும் இருக்கட்டும். எடை கூடியவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தாலே சூடு குறைகிறது. படுக்கும் முன் ஒளு செய்து குளிர்ந்த நீரில் கை கால் முகம் கழுவிப் படுப்பது எங்களில் பலருக்கு நன்றாகத் தூக்கம் தருகிறது.

தூங்கவே விடாத அளவுக்குத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஹார்மோன் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, சூட்டுக்கு அதைவிட வலுவான மருந்து கிடையாது. 2002இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகமே அதைக் கண்டு பயந்தது. இப்போது, 60 வயதுக்குள், நின்று பத்து ஆண்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கூடாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களும் மருத்துவரும் முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டு மச்சி அல்ல.

தாம்பத்தியத்தில் வலி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே கணவனிடமிருந்து ஒதுங்கி, வீட்டில் மனக்கசப்பாகிப்போன குடும்பங்கள் எங்கள் காதுக்கு வந்திருக்கின்றன. வறட்சிதான் காரணம். அந்த இடத்தில் பூசும் களிம்பு இருக்கிறது, மருத்துவர் தருவார், நன்றாகக் கேட்கும். கண்ட கண்ட எண்ணெயையும் மூலிகைக் கஷாயத்தையும் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டும் என்றது இதைத்தான். அவள் உங்களை வெறுக்கவில்லை, அவளுக்கு வலிக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எலும்பை மறந்துவிடுகிறோம். விலக்கு நின்ற முதல் ஐந்தாறு ஆண்டில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது நம் நாட்டுக் கணக்கு. ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 350 அளவுக்கு இருக்கிறது. முருங்கைக்கீரையும், எள்ளும், முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடும் நம்மிடம் இல்லாததா? பாலை மருமகளுக்கும் பேரனுக்கும் ஊற்றிவிட்டுத் தனக்குக் கட்டஞ்சாயா போட்டுக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களுக்கு வெயில் சத்து ரொம்பக் குறைவு. மறைப்பான மொட்டை மாடி இருந்தால், காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வற்றல் காயப்போடும் சாக்கில் முகத்திலும் கையிலும் கொஞ்ச நேரம் வெயில் பட நில்லுங்கள்.

மனசு. காரணமில்லாமல் அழுகை வரும், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றும். ஈமான் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழவு வீட்டாருக்கும் நோயாளிக்கும் தல்பீனா என்னும் பார்லிக் கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள், அது நெஞ்சுக்கு ஆறுதல் தரும் என்று. பாருங்கள், வருந்தும் மனசுக்கும் கவனிப்பு வேண்டும் என்பது நம் வழியிலேயே இருக்கிறது. கஞ்சியைவிட அதைக் காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரும் ஆள் முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் அந்த இருட்டு விலகாவிட்டால் மனநல மருத்துவரிடம் போவதில் ஒரு வெட்கமும் இல்லை. படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும் என்பதால் அந்தச் சோதனையும் செய்துவிடுங்கள்.

நாட்டு மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சித்தா, யூனானி இரண்டும் படிப்பும் பட்டமும் உள்ள மருத்துவ முறைகள். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். சென்னை பக்கம் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் டப்பா விற்பவரிடம் பற்பம், செந்தூரம் வாங்காதீர்கள். சரியாகச் செய்யாதவற்றில் ஈயமும் பாதரசமும் கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. எங்கே போனாலும் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், பொடியையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் திட்டுவார் என்று கஷாயத்தை மறைக்காதீர்கள்.

இனி எங்கள் பிரிவு என்ன செய்யப்போகிறது என்று சொல்லி முடிக்கிறோம். பழைய பொடி கிடையாது. வீட்டில் மிச்சம் இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், காசு கொடுத்தவர்களுக்குக் காசைத் திருப்பித் தருகிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு இதே மாடியில் நாங்கள் நான்கு பேர் இருப்போம். வருகிறவரிடம் நான்கு கேள்வி கேட்போம். கடைசியாக எப்போது விலக்கு வந்தது? அதற்குப் பிறகு ஒரு சொட்டாவது பட்டதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மார்பகத்திலோ கருப்பையிலோ உங்களுக்கோ உங்கள் உம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ நோய் இருந்ததா? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றால், மறுநாள் காலையிலேயே எங்களில் ஒருத்தி உங்களுடன் அரசு மருத்துவமனைக்கு வருவாள். ஆட்டோவுக்கு அறக்கட்டளை தரும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

முன்பு எங்களிடம் பொடி வாங்கிய 112 பேருடைய பெயர்கள் எங்கள் நோட்டில் இருக்கின்றன. இதுவரை 87 பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டோம். மீதி 25 பேரில் சிலர் வெளியூர் போய்விட்டார்கள், சிலருக்குப் பேர் மட்டும்தான் இருக்கிறது, தெரு இல்லை. அந்தப் பட்டியல் வாசலருகே மேஜையில் இருக்கிறது. போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு, தெரிந்தவர் யாராவது இருந்தால் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.